அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சு, இனி எந்தெந்தக் காகிதத்தை மாற்றணும்?

நியூஜெர்சியில் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு, பெற்றோர் வராந்தாவில் காபியோடு நிற்கும் ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்த கேள்விகள் இவை. நானும் மனைவியும் இந்த வேலைகளை ஒரு சுற்று முடித்தவர்கள் என்று தெரிந்ததிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது இதே சந்தேகத்தோடு வருகிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

எல்லாமே இந்தியக் குடிமக்களாக இருந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கானது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களுக்கு அமெரிக்கப் பக்கத்து வேலைகள் பொருந்தும், ஊர்ப் பக்கத்துச் சட்டம் வேறு. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டும் அன்று அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரமாணம் எடுத்து சர்டிபிகேட் கையில வாங்கியாச்சு. முதல் வேலை என்ன?

அந்த ஹாலை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அதை எழுத்தெழுத்தாகப் படிப்பது. எல்லோரும் குட்டிக் கொடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க ஓடுவார்கள். நீங்கள் ஓர் ஓரமாக உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி, உயரம், முன்பிருந்த நாடு, ஏ-நம்பர் (கிரீன் கார்டில் இருந்த உங்கள் குடியேற்றப் பதிவு எண்) எல்லாவற்றையும் பாருங்கள். கிரீன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டுவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் இந்த நாட்டவர் என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் இந்தத் தாள்தான்.

பிழை அச்சிட்டவர்கள் பக்கம் என்றால் அங்கேயே சொல்லலாம். வீட்டுக்கு வந்துதான் கவனித்தீர்கள் என்றால் என்-565 படிவம் போட வேண்டும், அவர்கள் பிழைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் நாமே தப்பாக எழுதி, அது சரி என்று பிரமாணமும் செய்திருந்தால், பின்னால் போய் "நான் சொன்னது தப்பு" என்று திருத்தம் கேட்க அநேகமாக வழியே கிடையாது. என் மனைவியின் பெயரை விண்ணப்பத்தில் தட்டச்சு செய்தபோது நான் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தேன். இன்டர்வியூவில் அதிகாரி "இப்படித்தான் அச்சாகும், சரியா?" என்று காட்டியபோது அவள் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அந்த எழுத்தைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் பேச்சு வரும்.

சர்டிபிகேட்டைக் காப்பி எடுத்தா தண்டனைன்னு அதிலேயே அச்சடிச்சிருக்கே, ஜெராக்ஸ் எடுக்கலாமா?

அதில் சொல்லியிருப்பது உரிய அதிகாரம் இல்லாமல் நகலெடுப்பதைப் பற்றி. பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு ஒரு நகலையும் வையுங்கள் என்று அரசாங்கமே கேட்கிறது. அதனால் நியாயமான தேவைக்கு எடுக்கலாம். முதலில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். ஊரில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் செய்த கை சும்மா இருக்காது, தெரியும். அடக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி, லைசென்ஸ், ஓசிஐ... எது முதல்ல?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு தபாலில் போயிருக்கும் நாட்களில் வேறு எந்த வேலையும் நடக்காது. பாஸ்போர்ட் வந்துவிட்டால் மற்ற எல்லா இடத்துக்கும் அதுவே போதும், சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம். ஆகவே என் வரிசை இது: அமெரிக்க பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி, டிரைவிங் லைசென்ஸ், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை), கடைசியாக ஊர் பேங்க். வரிசையை மாற்றியவர்கள் அநேகமாக ஒரே வரிசையில் இரண்டு தடவை நின்றிருக்கிறார்கள்.

முதல் பாஸ்போர்ட்டுக்கு டிஎஸ்-11 படிவம். நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் தபால் அலுவலகத்தில். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். வாங்குபவர் முன்னிலையில்தான் போட வேண்டும். பெரியவர்களுக்குப் புத்தகம் 130 டாலர், விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்ப்பதற்கு 35 டாலர். இன்னும் 30 டாலர் கொடுத்தால் பர்ஸில் வைக்கிற அட்டை ஒன்றும் கிடைக்கும். அதைக் காட்டி ஊருக்கு விமானம் ஏற முடியாது, ஆனால் குடியுரிமைக்கு ஆதாரமாகச் செல்லும். போட்டோவில் மூக்குக் கண்ணாடி கூடாது.

பாஸ்போர்ட் வந்துடுச்சு, ஆனா சர்டிபிகேட்டை திருப்பி அனுப்பலையே! தொலைஞ்சுடுச்சா?

இரண்டும் தனித்தனி உறையில் வரும். பாஸ்போர்ட் வந்த பிறகு கொஞ்ச நாள் கழித்துச் சாதாரண வெள்ளை உறையில், விளம்பரக் காகிதங்களுக்கு நடுவே வந்து கிடக்கும். அந்த வாரங்களில் தபால் பெட்டியைப் பிள்ளைகள் காலி செய்ய விடாதீர்கள்.

சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குக் கட்டாயம் போகணுமா? நம்பர் மாறுமா?

நம்பர் மாறாது. ஆனால் நீங்கள் எச்1பி வேலை விசாவில் வந்தபோது வாங்கிய அட்டையில், வேலை அனுமதி இருந்தால்தான் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத அட்டையும், அவர்கள் பதிவேட்டில் "குடிமகன்" என்ற மாற்றமும் நமக்கு வேண்டும். பிற்காலத்தில் ஓய்வூதியம், மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) என்று போய் நிற்கும்போது இதே பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள்.

2024 ஏப்ரல் முதல் வந்திருக்கும் புதிய என்-400 படிவத்தில் (குடியுரிமைக்கான விண்ணப்பம்) இந்த மாற்றத்தை அப்போதே கேட்டுக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். அதில் ஆம் என்று சொல்லியிருந்தால் தானாக நடக்க வேண்டும், ஆனாலும் அதையே நம்பி இருந்துவிடாமல் பதிவு மாறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாதவர்கள் பிரமாணம் எடுத்துக் குறைந்தது 10 நாள் கழித்து எஸ்எஸ்-5 படிவத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் போனால் அவர்கள் கணினியில் நீங்கள் இன்னும் பழைய ஆளாகவே இருப்பீர்கள். கட்டணம் கிடையாது. யாராவது காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

லைசென்ஸ், ஓட்டு, கம்பெனி ஹெச்ஆர், குளோபல் என்ட்ரி, இதெல்லாம்?

லைசென்ஸில் பெயரும் முகவரியும் மாறாவிட்டால் அட்டையை மாற்ற அவசரமில்லை. ஆனால் அந்த அலுவலகப் பதிவேட்டில் நீங்கள் குடிமகன் அல்ல என்று இருப்பதை மாற்றிவிடுங்கள். காரணம் ஓட்டு. சில மாநிலங்களில் வாக்காளர் பட்டியலை லைசென்ஸ் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, "நீங்கள் குடிமகனா, நிரூபியுங்கள்" என்று கடிதம் அனுப்புகிறார்கள். பழைய பதிவு அப்படியே கிடந்தால் அந்தக் கடிதம் உங்களுக்கும் வரலாம். வாக்காளராகப் பதிவதை பிரமாணத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

ஹெச்ஆரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையில் சேர்ந்தபோது நிரப்பிய ஐ-9-ஐ இதற்காக மறுபடி நிரப்பச் சொல்லத் தேவையில்லை. குளோபல் என்ட்ரி (விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனையை விரைவாக முடிக்கும் திட்டம்) இருப்பவர்கள் அதன் பதிவு மையத்துக்கு நேரில் போய்க் குடியுரிமையையும் புதிய பாஸ்போர்ட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம். இந்திய பாஸ்போர்ட் இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுல போயிட்டு வந்துரலாமா? மூணு மாசம் டைம் உண்டுன்னு சொல்றாங்களே?

கூடாது. இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 9-இன்படி, நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. கையில் இருக்கும் பாஸ்போர்ட்டில் தேதி மீதி இருக்கலாம், அதைப் பயன்படுத்தும் உரிமை மீதி இல்லை. அந்த "மூணு மாசம்" அபராதக் கணக்கில் வருகிற ஒன்று. போய் வர அனுமதி என்று அதற்கு அர்த்தமில்லை.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். போவது எளிது, திரும்பி வருவது? கிரீன் கார்டைக் கொடுத்துவிட்டீர்கள். வெறும் இந்திய பாஸ்போர்ட்டோடு சென்னையில் நின்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அமெரிக்கச் சட்டமும் குடிமக்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் நாட்டை விட்டுப் போய் வர வேண்டும் என்கிறது. கல்யாணத்துக்கு அமெரிக்க பாஸ்போர்ட்டை அவசரக் கட்டணம் கட்டி வாங்கி, இந்திய இ-விசா எடுத்துப் போங்கள். சென்னை, திருச்சி, கோவை மூன்றிலும் இ-விசாவில் இறங்கலாம். இன்னும் பிரமாணம் எடுக்காதவர் என்றால், தேதியைக் கல்யாணத்துக்குப் பின் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பதே உத்தமம்.

இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கிறதுன்னா என்ன? என்னோடது எப்பவோ காலாவதியாயிடுச்சு, அப்பவும் கொடுக்கணுமா?

கொடுக்க வேண்டும். குடியுரிமை தானாகவே போய்விட்டது, இது பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது மாதிரி. இணையத்தில் விண்ணப்பம் நிரப்பி, பாஸ்போர்ட்டின் அசலையும், குடியுரிமைச் சான்றிதழ், அமெரிக்க பாஸ்போர்ட் நகல்களையும், உங்கள் மாநிலம் எந்தத் தூதரகத்தின் கீழ் வருகிறதோ அதற்கான விஎஃப்எஸ் மையத்துக்கு (தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் தனியார் நிறுவனம்) அனுப்ப வேண்டும். ரத்து முத்திரை குத்திய பாஸ்போர்ட்டும் ஒப்படைப்புச் சான்றிதழும் திரும்பி வரும். இரண்டையும் ஆயுசுக்கும் வைத்திருங்கள். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் பிறந்த ஊரும் அப்பா அம்மா பெயரும் எத்தனை இடத்தில் கைகொடுக்கும் என்று போகப் போகத் தெரியும்.

பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் போலீஸ் புகார் நகலும் உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள். பிரமாணத்துக்குப் பிறகும் அதில் பயணம் செய்திருந்தாலோ, மூன்று வருடத்துக்கு மேல் ஒப்படைக்காமல் வைத்திருந்தாலோ அபராதம் உண்டு. 2010 ஜூன் 1-க்கு முன் குடியுரிமை பெற்ற பெரியவர்களுக்குத் தனிப் பிரிவு, கட்டணமும் வேறு. அப்பாவுக்காக நீங்கள் நிரப்பும்போது அந்தத் தேதியைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

ஓசிஐ எடுத்தா இரட்டைக் குடியுரிமைதானே?

பெயரில்தான் குடியுரிமை. இந்திய அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓசிஐ என்பது ஆயுட்கால விசாவும் கூடவே சில சலுகைகளும். எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம், காவல் துறையில் பதிவு வேண்டாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, பொதுவாக அரசு வேலை கிடையாது. பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம் ஆகியவற்றுக்கு 2021 மார்ச் அறிவிக்கையின்படி தனி அனுமதி வாங்க வேண்டும். விவசாய நிலம் தனிக் கதை, கீழே வருகிறது.

அமெரிக்காவிலிருந்து விண்ணப்பிக்க 275 டாலரும், மேலே மையத்தின் சேவைக் கட்டணமும். பெரும்பாலும் திரும்பி வருவது போட்டோ, கையெழுத்து, பெயர் மூன்றில் ஒன்றால்தான். என் கையெழுத்தை மூன்று தடவை ஏற்றினேன். ஜன்னலோரம் வைத்து போனில் படம் எடுத்ததில் என் கை நிழலே விழுந்திருந்தது. வெள்ளைத்தாளில் கறுப்புப் பேனாவால் போட்டு ஸ்கேன் எடுங்கள்.

அமெரிக்க பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிறப்ப எல்லாம் ஓசிஐயும் புதுசா எடுக்கணுமாமே?

இது பழைய கதை. 2021-இல் மாற்றிவிட்டார்கள். 20 வயதுக்குள் ஓசிஐ எடுத்தவர், 20 வயதுக்குப் பிறகு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரே ஒரு தடவை புதிய அட்டை எடுக்க வேண்டும். மற்றபடி 20 வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டுக்கும், 50 வயதுக்குப் பின் ஒரு தடவையும், பாஸ்போர்ட் நகலையும் புதிய போட்டோவையும் இணையத்தில் ஏற்றினால் போதும். அது இலவசம். பாஸ்போர்ட் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் செய்யச் சொல்கிறார்கள். அட்டையில் பழைய பாஸ்போர்ட் எண் இருக்கிறதே என்று பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு அலைந்த காலமும் போய்விட்டது.

லைசென்ஸ்ல என் பேரு "எஃப்என்யூ செந்தில்குமார்". ஆபீஸ்ல புதுசா வர்றவங்க "ஹாய் ஃப்னூ"ங்கறாங்க. இதுக்கு விடிவு உண்டா?

உண்டு, குடியுரிமைதான் அந்த விடிவு. எப்படி இந்தப் பெயர் வந்தது என்று முதலில் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ராமசாமி மகன் செந்தில்குமார், ஊரில் ஆர். செந்தில்குமார். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இட்ட பெயருக்கு ஒரு கட்டம். அன்றைக்கு ஏஜென்ட் முதல் கட்டத்தைக் காலியாக விட்டு, மொத்தப் பெயரையும் இரண்டாவதில் போட்டுவிட்டார். அமெரிக்க விசா முறையில் குடும்பப் பெயர் காலியாக இருக்க முடியாது. அதனால் செந்தில்குமார் அங்கே நகர்ந்துவிட, காலியான இடத்தில் "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. விசாவிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி, லைசென்ஸ், பேங்க், கிரீன் கார்டு என்று அது எல்லா இடத்துக்கும் தொற்றிக்கொண்டது.

என்-400 விண்ணப்பத்திலேயே சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. தனிக் கட்டணம் இல்லை. ஒரே நிபந்தனை, பிரமாணத்தை நீதிபதி முன்னிலையில் எடுக்க வேண்டும், ஏனென்றால் பெயரை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். சில ஊர்களில் அதற்குக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருங்கள், பரவாயில்லை. அதைத் தவறவிட்டவர்கள் மாநில நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், அதற்குச் செலவும் அலைச்சலும் உண்டு. அப்படி மாற்றுவதென்றால் பாஸ்போர்ட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். மேலே சொன்ன வரிசை முழுவதும் ஒரே பெயரில் ஓட வேண்டும்.

எந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைப்பது என்று கேட்பீர்கள். ராமசாமியை வைத்தால் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் மிஸ்டர் ராமசாமி, மிஸஸ் ராமசாமி ஆகிவிடுவார்கள். தாத்தாவுக்குச் சந்தோஷம்தான். செந்தில்குமாரையே வைத்தால் பிள்ளைகளுக்கு அப்பா பெயர் பின்னால் வரும், ஊர் வழக்கத்துக்கு அதுவே பக்கம், ஆனால் உங்களுக்கு முன்பெயர் ஒன்று வேண்டுமே. செந்தில் முன்பெயர், குமார் குடும்பப் பெயர் என்று வெட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வெட்டு பிடிக்கவில்லை, சொந்த அபிப்பிராயம். எதுவானாலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பேரை மாத்திட்டேன். இனி டிகிரி சர்டிபிகேட், ஊர்ப் பத்திரம் எல்லாத்தையும் மாத்தணுமா?

வேண்டாம். அவை அன்றைய தேதியில் அன்றைய பெயரில் கொடுத்தவை, அப்படியே செல்லும். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் நடுவே பாலமாக, நீதிமன்றத்தில் கொடுத்த பெயர் மாற்ற ஆணை உங்களிடம் இருந்தால் போதும். சான்றளித்த நகல் இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். ஊரில் காட்டுவதற்கு அதில் அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டு ஆவணம் இன்னொரு நாட்டில் செல்லுவதற்கான, உடன்படிக்கைப்படி தரும் அரசுச் சான்று) வாங்கிக்கொள்ளலாம். இந்தியாவும் அமெரிக்காவும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன.

ஓசிஐ அமெரிக்க பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான் வரும். ஒப்படைக்கும் இந்திய பாஸ்போர்ட்டோ பழைய பெயரில் இருக்கும். எனவே இந்த ஆணையின் நகலை இரண்டு விண்ணப்பங்களிலும் சேர்த்து வையுங்கள். கேட்கவில்லை என்றாலும் வையுங்கள்.

எங்க ரெண்டு பேருக்கும் கிடைச்சது. ஊர்ல பிறந்த பசங்களுக்குத் தனியா விண்ணப்பிக்கணுமா?

18 வயதுக்குள் இருந்து, கிரீன் கார்டோடு, குடியுரிமை பெற்ற அப்பா அல்லது அம்மாவின் பொறுப்பில் அவர்களோடு இங்கே வசிக்கும் பிள்ளை, பெற்றவர் பிரமாணம் எடுத்த அன்றே தானாக அமெரிக்கக் குடிமகனாகிவிடுகிறது. 2001 பிப்ரவரி 27 முதல் நடப்பில் உள்ள சட்டம் இது. இருவரில் ஒருவருக்குக் கிடைத்தாலே போதும். 18 முடிந்துவிட்டால் அந்தப் பிள்ளை தனியாக என்-400 போட வேண்டியதுதான். பெரியவனுக்குப் பதினேழரை என்றால் உங்கள் பிரமாணத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். தங்கை கல்யாணத்துக்குச் சொன்னது இங்கே பொருந்தாது.

பிள்ளைக்குச் சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது. பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு, உங்கள் குடியுரிமைச் சான்றிதழ் வைத்து நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 16 வயதுக்குக் கீழ் என்றால் இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பாஸ்போர்ட் 5 வருடம்தான். என்-600 போட்டுத் தனிச் சான்றிதழும் வாங்கலாம். செலவு அதிகம், இருந்தாலும் வாங்கி வைப்பது நல்லது என்பேன். பாஸ்போர்ட் காலாவதியாகும், அது ஆகாது. பிள்ளையின் இந்திய பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும், ஓசிஐயும் தனி.

பான் கார்டு, ஆதார் ரெண்டும் செல்லாம போயிடுமா?

பான் எண் வாழ்நாள் முழுக்க ஒன்றுதான், குடியுரிமை மாறினாலும் அதே எண். வெளிநாட்டவருக்கான படிவம் வேறு என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புதிதாக இன்னொரு பான் எடுத்துவிடாதீர்கள். இரண்டு பான் வைத்திருந்தால் அபராதம். விவரத்தைத் திருத்த மட்டும் விண்ணப்பியுங்கள். ஆதாரோடு இணைக்காததால் பான் முடங்கிவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கும், இந்தியக் குடிமகன் அல்லாதவருக்கும் இணைப்பதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் அப்படிப்பட்டவர் என்பது வரித் துறையின் பதிவில் இருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டவர்களுக்குத்தான் முடங்கியது.

ஆதார் குடியுரிமைக்கு ஆதாரமே இல்லை, வசிப்பதற்கான அடையாளம். ஓசிஐ வைத்திருப்பவர் புதிதாக எடுக்க, முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். ஊரில் யாராவது "இந்தியக் குடிமகன் என்பதற்கு ஆதார் கொடுங்க" என்றால், பழைய அட்டையைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

வாக்காளர் அட்டையும் ரேஷன் கார்டும் அம்மா வீட்ல இருக்கு. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே?

அட்டை இருப்பது பிரச்சினை இல்லை, பட்டியலில் பெயர் இருப்பதுதான் பிரச்சினை. இந்தியக் குடிமகன் அல்லாதவர் வாக்காளர் பட்டியலில் இருக்க முடியாது. படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். தேர்தல் சமயத்தில் ஊருக்குப் போனவர்கள் "பழக்கத்துல போய் விரல்ல மை வச்சுக்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சிரிக்கிற விஷயம் இல்லை. குடும்ப அட்டையிலிருந்தும் பெயரை நீக்கச் சொல்லிவிடுங்கள். அம்மாவின் அரிசி அதனால் நின்றுவிடாது.

பேங்க் அக்கவுண்ட்டை மூடிட்டு மறுபடி திறக்கணுமா?

வேண்டாம். இந்திய வம்சாவளியினர் என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான இந்திய பேங்க் கணக்குகள்) வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க பாஸ்போர்ட், ஓசிஐ நகல்கள் கொடுத்துக் கேஒய்சியை (பேங்க் வைத்திருக்கும் உங்கள் அடையாள விவரம்) புதுப்பித்தால் போதும். மியூச்சுவல் ஃபண்ட், டீமேட், எல்ஐசி பாலிசிக்கும் அதே வேலை. கல்லூரிக் காலத்தில் அப்பாவோடு சேர்ந்து திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் தப்பு. நீங்கள் வெளிநாட்டில் குடியேறியபோதே அதை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும்.

இனிமேல்தான் அந்தக் கணக்குகளை அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டுமா என்றால், இல்லை, வரி விஷயத்தில் இங்கே வசிப்பவரான நாளிலிருந்தே அது கடமை. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் அறிக்கை) போட வேண்டும்.

அப்பா நஞ்சை நிலத்தை என் பேருக்கு எழுதி வைக்கணும்ங்கறார். ஓசிஐல வாங்கலாமா?

வீடு, மனை, ஃபிளாட் என்றால் பயமில்லை. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் வேறு. அந்நியச் செலாவணி விதிகளின்படி ஓசிஐ வைத்திருப்பவர் இவற்றை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போது எழுதித் தரும் தான செட்டில்மெண்ட் இதில் மாட்டிக்கொள்ளும். ஊர்ப் பத்திர எழுத்தர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி" என்பார். பத்திரம் பதிவாகியும்விடும். பிரச்சினை விற்கும்போதும், பணத்தை இங்கே கொண்டுவரும்போதும்தான் தலை தூக்கும்.

வாரிசு உரிமையாக வருவதற்குத் தடை இல்லை. அதனால் அப்பா உயில் எழுதி வைக்கலாம். எழுதாவிட்டாலும் அவர் காலத்துக்குப் பின் வாரிசுச் சான்றிதழோடு உங்கள் பங்கு உங்களுக்கு வரும். அப்படி வந்த நஞ்சையைப் பின்னால் விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். உங்களைப் போலவே இங்கே இருக்கும் அத்தை மகனுக்கு விற்க முடியாது. இந்தியாவில் வசித்த காலத்தில் நீங்களே வாங்கிய நிலம் இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே அண்ணனுக்குக் கொடுத்த பவர் பத்திரம்?

குடியுரிமை மாறியதால் மட்டும் ரத்தாகிவிடாது. பெயரும் மாறியிருந்தால் சார்பதிவாளர் கேள்வி கேட்பார், மேலே சொன்ன பெயர் மாற்ற ஆணையைக் காட்ட வேண்டியிருக்கும். புதிதாக எழுதுவதென்றால் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம், அல்லது இங்கே நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு உங்கள் மாநிலத்தில் அப்போஸ்டில் வாங்கலாம். தாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அண்ணன் அதை அலமாரியில் வைத்துவிட்டு நாலாவது மாதம் எடுத்தால் சிக்கல்தான்.

ஓசிஐக்கு இப்பத்தான் அனுப்பியிருக்கேன். ஊர்ல அப்பா சீரியஸ். எப்படிப் போறது?

ஓசிஐயை மறந்துவிடுங்கள், அது பின்னால் வரட்டும். அமெரிக்க பாஸ்போர்ட் கையில் இருந்தால் இ-விசா போதும். ஆனால் இறங்குவதற்குக் குறைந்தது நாலு நாள் முன்னால் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். அதுவும் தாங்காது என்றால் தூதரகத்தின் அவசர விசாவைக் கேளுங்கள். மருத்துவமனைக் கடிதம், அப்பாவுக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் போனில் படமாக வைத்துக்கொண்டு பேசுங்கள். இந்திய பாஸ்போர்ட் ஒப்படைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்பார்கள்.

அமெரிக்க பாஸ்போர்ட்டே இன்னும் வரவில்லை என்றால், நெருங்கிய உறவினர் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இரண்டு வாரத்துக்குள் பயணம் செய்ய வேண்டியவர்களுக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அவசர நேரம் ஒதுக்குகிறார்கள். போனில் பிடிக்கப் பொறுமை வேண்டும், காலையில் திறந்தவுடன் அழையுங்கள். எங்கள் பள்ளியில் ஒருவர் இப்படித்தான் மூன்று நாளில் இரண்டு அலுவலகம் ஏறி இறங்கி விமானம் பிடித்தார். அவர் ஊரில் இருந்தபோது ஓசிஐ உறை வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார்.